ஆய்வுக்கூடமும் படகுத் துறையும்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (விலங்கியல்)

படகு வலிக்கும் பெண்ணொருத்திக்கும் தோளில் போடும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கிலும் 2012ஆம் ஆண்டு லண்டனிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விளையாட்டுகளில், பெண்களுக்கான எண்மர் படகுப் போட்டியில் அமெரிக்க அணிக்காகத் தங்கம் வென்றவர்களுள் ஒருவர் சூசன் ஃபிரான்சியா. அவரைப் பெற்ற தாய் கட்டலின் கரிக்கோ. கொரோனாவுக்கு எதிரான புதுவகைத் தடுப்பூசிக்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்காக, 2023ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ட்ரூ வைஸ்மன் என்பவருடன் பகிர்ந்துகொண்ட விஞ்ஞானி. படகுப் போட்டி நடக்கும் இடங்களில் கரிக்கோ நெடுங்காலம் "சூசனின் அம்மா" என்றே அறிமுகமாகி வந்தாராம். மகள் கழுத்தில் பதக்கத்தோடு நின்ற அந்நாட்களில், தாயின் ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தந்தையார் மண்டியில் மூட்டை சுமப்பவர். "இந்த விலங்கியல் படிச்சு முடிச்சா என்னடா வேலை கிடைக்கும்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஆசிரியர் வேலை, தேர்வாணையத் தேர்வு என்று ஏதேனும் சொல்லிச் சமாளிப்பேன். ஆராய்ச்சி என்ற சொல்லை வீட்டில் இதுவரை நான் உச்சரித்ததில்லை. அந்த ஆசை உள்ளவன் நான் ஒருவன் மட்டுமல்லன். நம் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு மேல் நடக்கும் பேச்சில் அது அடிக்கடி தலைகாட்டும். ஆசைப்படுகிறவன் அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதையும் அறிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லதல்லவா?

கரிக்கோ 1955ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் ஹங்கேரி நாட்டில் பிறந்தார். வளர்ந்தது கிஷூய்சாலாஷ் என்னும் சிற்றூரில். (இந்தப் பெயரை உச்சரித்துப் பழக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.) தந்தையார் இறைச்சி வெட்டும் தொழிலாளி, தாயார் கணக்கு எழுதுபவர். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை, குளிர்பதனப் பெட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை. தந்தையார் பன்றியை அறுத்துத் துண்டு போடும்போது அந்தச் சிறுமி அருகில் நின்று, உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். இன்று நம் செய்முறை வகுப்பில் நாம் படத்திலும் மாதிரியிலும் பார்த்துப் படிப்பதை அவர் வீட்டு முற்றத்திலேயே படித்துவிட்டார் எனலாம்.

பள்ளிப் படிப்பை முடித்துச் செகெத் நகரப் பல்கலைக் கழகத்தில் உயிரியல் பயின்றார். மிளகாயிலிருந்து வைட்டமின் சி பிரித்தெடுத்து 1937இல் நோபல் பரிசு பெற்றாரே ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, அவர் பணிபுரிந்த அதே பல்கலைக் கழகந்தான். 1982இல் முனைவர் பட்டம். மகள் சூசன் பிறந்ததும் அதே ஆண்டில். 1985இல் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் பணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் வேலை தேடிக் கிடைக்காமல், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் டெம்பிள் பல்கலைக் கழகத்தில் ஓர் இடம் கிடைத்தது. நாட்டை விட்டுப் போகிறவர்கள் சொற்பத் தொகைக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது அன்றைய ஹங்கேரியின் சட்டம். கணவரும் மனைவியும் காரை விற்று, கிடைத்த 900 பவுனை இரண்டு வயது மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துச் சென்றார்கள். இந்தக் கரடிப் பொம்மைக் கதையைப் பத்திரிகைகள் சலிக்கும்வரை எழுதிவிட்டன. ஆகவே நான் அதில் நிற்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் முழு முதல் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்க.

இனி அவர் பிடிவாதமாகப் பற்றிக்கொண்ட பொருள் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். விஞ்ஞானம் பயிலாத நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் கருவுக்குள் டி.என்.ஏ. பத்திரமாக இருக்கிறது. அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும் மூல ஆவணம் போன்றது, வெளியே வராது. வேலை நடக்கும் இடத்துக்கு அதன் நகல்தான் வரும். அந்த நகலே தூது ஆர்.என்.ஏ. கருவிலிருந்து வெளிவரும் நகலை ரிபோசோம் என்னும் நுண்ணிய பட்டறை எழுத்தெழுத்தாகப் படித்து, அதில் சொல்லியுள்ள புரதத்தைச் செய்து தரும். இன்சுலின் வேண்டுமா, ஹீமோகுளோபின் வேண்டுமா, எல்லாம் இப்படித்தான். வேலை முடிந்ததும் நகல் சிதைந்து போகும். தூது ஆர்.என்.ஏ. இருக்கிறது என்பதை விஞ்ஞானிகள் 1961இல் நிலைநாட்டினார்கள். 1984 வாக்கில் அதைச் சோதனைக் குழாயிலேயே தயாரிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால், நமக்கு வேண்டிய புரதத்துக்கான நகலை நாமே எழுதிச் செல்லுக்குள் அனுப்பிவிட்டால்? மருந்தை ஆலையில் செய்ய வேண்டாம். நோயாளியின் உடலே செய்துகொள்ளும். கரிக்கோவைப் பிடித்தாட்டிய எண்ணம் இதுதான். தொடக்கத்தில் அவர் கனவு கண்டது தடுப்பூசி அன்று. நோய் தீர்க்கும் மருந்து. 1989இல் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்துக்கு மாறி, எலியட் பார்னதன் என்ற இதய மருத்துவருடன் சேர்ந்து, செல்லுக்குள் ஆர்.என்.ஏ. அனுப்பி வேண்டிய புரதத்தைச் செய்ய வைத்துக் காட்டினார்.

ஆயினும் இந்த வழியை நம்பியவர் குறைவு. காரணம் இல்லாமல் இல்லை. ஆர்.என்.ஏ. மிக எளிதில் சிதையக்கூடியது. அதைச் சிதைக்கும் நொதி நம் விரல்களிலேயே இருக்கிறது. கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டால் அன்றைய உழைப்பு வீண். கரிக்கோ மானியம் கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்நாட்டு ஆராய்ச்சி உலகில் மானியம் கொண்டுவராதவருக்கு இடம் இல்லை. 1995இல் பல்கலைக் கழகம் அவர்முன் இரண்டு வழிகளை வைத்தது: வெளியேறு, அல்லது பதவியும் ஊதியமும் குறைந்து இரு. அதே சமயத்தில் அவருக்குப் புற்றுநோயோ என்று ஐயம். கணவரோ விசாச் சிக்கலில் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார். கரிக்கோ பதவிக் குறைப்பை ஏற்றுக்கொண்டு தம் மேசைக்குத் திரும்பினார்.

இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். வீரம் என்று இதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை நிர்வகித்து வந்த கணவரின் வருமானமும் இருந்தபடியால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மனைவி ஆய்வுக்கூடத்தில் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டு, மணிக்கு ஒரு டாலர் அளவில்தான் ஊதியம் வருகிறது என்று அவர் ஒருமுறை சொன்னாராம். அப்படி ஒருவர் வீட்டில் துணை நிற்காவிட்டால்? நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் உண்டு?

1997இல் வைஸ்மன் அந்தப் பல்கலைக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். எய்ட்ஸ் நோய்க்குத் தடுப்பூசி காண முயன்றுகொண்டிருந்த நோய் எதிர்ப்பியல் நிபுணர். அக்காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்க வேண்டுமானால் இதழைக் கொண்டுபோய் நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் இயந்திரத்தருகே இருவரும் பேச்சுக் கொடுத்தார்கள். தூது நகலை நம்பியவர், தோழரைக் கண்டது நகல் இயந்திரத்தருகே என்பது வேடிக்கைதான்.

இங்கே படகுக்கு வருவோம். சூசன் சிறு வயதிலேயே துடுப்புப் பிடித்தவர் அல்லர். தாயார் வேலை பார்க்கும் பல்கலைக் கழகத்தில் ஊழியரின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதனால் அங்கேயே சேர்ந்தார். உயரம் ஆறடி இரண்டங்குலம். படிக்கும்போதுதான் படகு வலிக்கத் தொடங்கினார். பதவி குறைந்தபோதும் தாயார் அங்கேயே இருந்ததால் மகளுக்குக் கல்வி கிடைத்தது. கல்வியோடு படகும் கிடைத்தது.

எண்மர் படகில் எட்டுப் பேர் துடுப்பு வலிப்பார்கள். ஒன்பதாமவர் சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பவர். தூரம் 2000 மீட்டர். துடுப்பு வலிக்கும் எண்மரும் எல்லைக் கோட்டுக்கு முதுகைக் காட்டியபடியே அமர்ந்திருப்பார்கள். லண்டனில் அமெரிக்கப் பெண்கள் எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 10 வினாடிக்குச் சற்றே மேல். இரண்டாவதாக வந்த கனடா ஏறத்தாழ ஒன்றரை வினாடி பின்தங்கியது. நான்காண்டுப் பயிற்சியின் பலன் ஆறு நிமிடத்தில் தெரிந்துவிடும். வென்றவர் யார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை, கடிகாரம் சொல்லிவிடும்.

ஆனால் அந்த எட்டுப் பேரில் யார் எவ்வளவு வலிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் ஒரே படகில் இருக்கிறார்கள். படகு போகும் வேகம் எட்டுப் பேருக்கும் பொது. இதற்குப் பயிற்சியாளர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். நால்வர் படகுகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எது எவ்வளவு முந்துகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு இந்தப் படகில் ஒருவரையும் அந்தப் படகில் ஒருவரையும் மட்டும் இடம் மாற்றி உட்காரவைத்து மறுபடி ஓட்டுவார்கள். மற்ற அறுவரும் அதே அறுவர், அதே நீர், அதே படகுகள். இடைவெளி மாறினால் அந்த மாற்றத்துக்குக் காரணம் இடம் மாறிய இருவரே. செய்முறை வகுப்பில் "ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே" என்று நம் ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கரிக்கோவும் வைஸ்மனும் செய்த சோதனை முழுமையாக விளங்கிற்று.

அவர்களுக்கு இருந்த சிக்கல் இது. சோதனைக் குழாயில் செய்த ஆர்.என்.ஏ.வை நோய் எதிர்ப்புக்குக் காவல் நிற்கும் டென்டிரைட்டிக் செல்களின்மேல் விட்டால், அவை எதிரி வந்துவிட்டான் என்று அபாயச் சங்கு ஊதின; அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கொட்டின. வைரசுகள் பல ஆர்.என்.ஏ.வைச் சுமந்து வருவதால் உடலுக்கு அந்த எச்சரிக்கை அவசியந்தான். ஆனால் மருந்தே நோயாகிவிட்டால் என்ன செய்வது? உடல் முழுவதும் ஆர்.என்.ஏ. நிறைந்திருக்கிறதே, அதைக் கண்டு காவல் செல்கள் ஏன் கூச்சலிடவில்லை? இதுதான் சரியான கேள்வி. நம் செல்லில் இருக்கும் கடத்தும் ஆர்.என்.ஏ.வை விட்டுப் பார்த்தார்கள்; காவல் செல்கள் வாய் திறக்கவில்லை. பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வை விட்டார்கள், சங்கு முழங்கியது.

வேறுபாடு எங்கே? ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு என்று படிக்கிறோம். உண்மையில், எழுதி முடித்தபின் செல் அவற்றுட் சிலவற்றை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி வைக்கிறது. நம்முடைய கடத்தும் ஆர்.என்.ஏ.வில் இத்தகைய மாறிய எழுத்துகள் மிகுதி. சோதனைக் குழாயில் செய்ததில் அவை அறவே இல்லை. எனவே இருவரும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, வெவ்வேறு ஆர்.என்.ஏ.க்களைச் செய்தார்கள். படகில் ஆளை மாற்றியது போலவே, எழுத்தை மாற்றினார்கள். யூரிடின் என்ற எழுத்து இருந்த இடத்தில் சூடோயூரிடின் என்ற எழுத்தை வைத்தபோது சங்கொலி அடங்கிற்று.

சூடோயூரிடின் என்றால் போலி யூரிடின் என்று பொருள் கொள்ளலாம். 1950களிலேயே அறியப்பட்ட பொருள்தான். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே; எண்ணிக்கையும் ஒன்றே. யூரிடினில் சர்க்கரையோடு நைட்ரஜன் வழியாக இணைந்திருக்கும் வளையம், இதில் கார்பன் வழியாக இணைந்திருக்கிறது, அவ்வளவுதான். கரிம வேதியியலில் மாற்றியங்கள் என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோமே, அப்படி ஒரு சிறு திருப்பம். அந்தத் திருப்பத்தில் காவல் செல் அமைதியடைகிறது. ரிபோசோமோ வழக்கம்போலப் படித்துப் புரதம் செய்கிறது. வழக்கத்தைவிட மிகுதியாகவே செய்கிறது என்பதையும் 2008இல் காட்டினார்கள்.

முதற் கட்டுரையை 'நேச்சர்' இதழ் ஏற்கவில்லை. 'இம்யூனிட்டி' என்ற இதழ் 2005இல் வெளியிட்டது. இனித் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள், ஒலிக்கவில்லை. படகுக்கு ஆறு நிமிடத்தில் விடை சொல்லும் கடிகாரம் ஆய்வுக்கூடச் சுவரில் இல்லை. "பொறுத்தார், பலன் பெற்றார்" என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு ஓர் உறுத்தல். கொள்ளைநோய் வராமலே போயிருந்தாலும் 2005இல் அவர்கள் கண்டது உண்மைதான். அதன் சரி தவறு 2020இல் தீர்மானிக்கப்படவில்லை. பலன் வந்ததால் பொறுமையைப் புகழ்கிறோம். பலன் வராமல் அதே பொறுமையோடு ஓய்வு பெற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

2013இல் கரிக்கோ ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள பயோன்டெக் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். துருக்கியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளான உகூர் ஷாஹின், ஓஸ்லெம் துரேஜி என்ற மருத்துவத் தம்பதியர் 2008இல் தொடங்கிய நிறுவனம் அது. ஷாஹினின் தந்தையார் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் செல்லுக்குள் கொண்டுசேர்க்க நுண்ணிய கொழுப்பு உறை தேவை. அது கரிக்கோவின் கண்டுபிடிப்பன்று. கனடாவின் பீட்டர் கல்லிஸ் முதலியோர் பல்லாண்டுகள் உழைத்துச் செம்மைப்படுத்தியது. நோபல் பரிசு ஒருசிலருக்கே போகும். தடுப்பூசியோ பலருடைய கையால் ஆனது.

2020 ஜனவரியில் கொரோனா வைரசின் மரபெழுத்து வரிசை வெளியாயிற்று. வைரசையே பார்க்காமல், அந்த எழுத்து வரிசையைக் கொண்டே அதன் முள் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வை எழுதிவிட்டார்கள். யூரிடின் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் சூடோயூரிடினின் நெருங்கிய உறவான ஒரு பொருள். ஃபைசரும் பயோன்டெக்கும் சேர்ந்து ஏறத்தாழ 43,000 பேரிடம் நடத்திய சோதனையில் தடுப்பாற்றல் 95 சதவீதம். டிசம்பர் 8ஆம் நாள் இங்கிலாந்தில் 90 வயது மூதாட்டி ஒருவர், சோதனைக்கு வெளியே அதை முதலில் போட்டுக்கொண்டார். ஓர் ஊசியில் இருந்த ஆர்.என்.ஏ. 30 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு.

நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது இதுவன்று. 2022 ஜனவரி 3 முதல் 15 வயது நிறைந்த பள்ளி மாணவர்களுக்குப் போடப்பட்டது கோவாக்சின். அது செயலிழக்கச் செய்த முழு வைரசைக் கொண்டது, பழைய, நன்கறிந்த முறை. ஆர்.என்.ஏ. வகையில் புனேயின் ஜென்னோவா நிறுவனம் ஜெம்கோவாக் என்ற ஊசியைச் செய்து 2022இல் அனுமதி பெற்றது. ஃபைசர் ஊசியைத் தொடக்கத்தில் மைனஸ் 70 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியிருந்தது. ஜெம்கோவாக்குக்குச் சாதாரணக் குளிர்பதனப் பெட்டியே போதும். மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் இது சிறிய செய்தியன்று.

ஆர்.என்.ஏ. ஊசி போட்டால் நம் மரபணுவே மாறிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், படித்தவர்களும் சொல்கிறார்கள். நகல், பதிவு அலுவலகத்துக்குள் திரும்பிச் சென்று மூல ஆவணத்தைத் திருத்துமா? ஊசியின் ஆர்.என்.ஏ. கருவுக்குள் நுழைவதில்லை, வெளியிலேயே படிக்கப்பட்டுச் சிதைந்து போகிறது. பின்விளைவே இல்லை என்றும் சொல்லக்கூடாது. இரண்டாம் ஊசிக்குப் பிறகு, குறிப்பாக இளைஞர்களுக்கு, அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது உண்மை. நோய் வந்தாலும் அந்த அழற்சி வரும் என்பதும் உண்மை. இதைப் பற்றி நல்ல தகவல் கிடைத்த இடங்களுள் ஒன்று தொழில்முறை விளையாட்டு என்பது எனக்குப் புதுச் செய்தி. அமெரிக்காவின் கூடைப்பந்து, கால்பந்து, பேஸ்பால், பனி ஹாக்கி முதலிய ஆறு சங்கங்கள், கொரோனா வந்து தேறிய வீரர்களைக் களத்தில் இறக்குமுன் அவர்களுடைய இதயத்தைச் சோதித்தன. 789 பேரில் அழற்சி உறுதியானது 5 பேருக்கு. 2021இல் வெளியான இந்த ஆராய்ச்சி, உடலையே முதலாகக் கொண்டு பிழைப்பவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்ததால் கிடைத்தது.

அதே ஆண்டு ஜூன் 12ஆம் நாள், ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார், நல்லவேளையாகப் பிழைத்தார். சில மணி நேரத்துக்குள் தடுப்பூசிதான் காரணம் என்ற வதந்தி உலகெங்கும் பரவிற்று. அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளவே இல்லை என்று அவர் ஆடிவந்த இன்டர் கழகத்தின் நிர்வாகி விளக்கினார். விளக்கம் வதந்தி போன தூரத்தில் பாதிகூடப் போயிருக்காது என்பது என் எண்ணம்.

வீரனின் பெயர் நல்ல வழியிலும் பயன்பட்டதுண்டு. 1959இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் சிட்டி கழகத்தில் ஜெஃப் ஹால் என்று ஒரு வலப்புறத் தடுப்பாட்டக்காரர் இருந்தார். நாட்டுக்காக 17 பந்தயங்கள் ஆடியவர். மார்ச் 21ஆம் நாள் போர்ட்ஸ்மத் அணியுடன் ஆடினார். ஏப்ரல் 4ஆம் நாள் இளம்பிள்ளை வாதத்தால் இறந்துபோனார். வயது 29. போலியோ குழந்தைகளுக்கு வரும் நோய்தானே என்று இளைஞர்கள் அலட்சியமாக இருந்தார்கள். ஊசி அந்நாட்டில் 1956 முதலே இருந்தது. போட்டுக்கொள்ள வருவோர்தான் குறைவு. நாட்டுக்கே ஆடிய கட்டுமஸ்தான உடலையும் அது வீழ்த்தும் என்று தெரிந்தபின், அவருடைய இளம் மனைவி தொலைக்காட்சியில் பேசியபின், மருத்துவ நிலையங்களில் வரிசை நீண்டது. கூடுதல் நிலையங்கள் திறக்க நேர்ந்தது. ஆய்வுக்கூடம் ஊசியைத்தான் செய்ய முடியும். கையை நீட்ட வைப்பது வேறு வேலை.

டென்னிஸ் வீரர் ஜோகோவிச் தடுப்பூசி போடாததால் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவை விட்டு அனுப்பப்பட்ட செய்தி நினைவிருக்கும். அவருடைய உடல், அவருடைய விருப்பம் என்பார் உண்டு. ஆனால் கோடிப் பேர் பார்க்கும் ஒருவருடைய விருப்பம் அவரோடு நின்றுவிடுவதில்லை. இது பற்றி நம் வகுப்பில் இரு கட்சிகள் இன்றும் உண்டு.

ஓராண்டு தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன், மே 6ஆம் நாள் ஓர் அறிவிப்பு வந்தது. போட்டிக்குச் செல்லும் வீரர்களுக்கும் உடன் செல்வோருக்கும் ஃபைசரும் பயோன்டெக்கும் தடுப்பூசியை நன்கொடையாக அளிக்கும் என்று. மகள் இரண்டு முறை தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக் அரங்குக்குத் தாயின் சூடோயூரிடினும் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அறிமுகம் தலைகீழாயிற்று. சூசன் "கரிக்கோவின் மகள்" ஆனார்.

இந்த ஆராய்ச்சி கொரோனாவோடு முடியவில்லை. 2025 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில், பிறவியிலேயே அம்மோனியாவை வெளியேற்ற முடியாத கைக்குழந்தை ஒன்றுக்கு, அக்குழந்தையின் மரபுப் பிழைக்கென்றே தனியாக ஒரு மருந்து செய்து கொடுத்த செய்தி வெளியாயிற்று. பிழை திருத்தும் புரதத்தைச் செய்யும் கட்டளை, கொழுப்பு உறைக்குள் வைத்த தூது ஆர்.என்.ஏ. ஆகவே ஈரலுக்குச் சென்றது. இங்கே மூல ஆவணத்தைத் திருத்தியது அந்தப் புரதம். தடுப்பூசியில் அப்படி எந்தப் புரதமும் இல்லை என்பதை நண்பர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை, ஆர்.என்.ஏ. தடுப்பூசித் திட்டங்கள் 22க்கு அளித்துவந்த ஏறத்தாழ 50 கோடி டாலர் உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. 1995இல் கரிக்கோவின் விண்ணப்பங்கள் திரும்பி வந்தது போல், இன்று யாருடைய விண்ணப்பம் எந்த மேசையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறதோ!

கரிக்கோவின் தாயார் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் நோபல் அறிவிப்பை வானொலியில் கேட்பாராம். இந்த முறை உன் பெயர் வரலாம் என்பாராம். நான் பேராசிரியர்கூட இல்லையே அம்மா, மானியம்கூடக் கிடைக்கவில்லையே என்று மகள் சிரிப்பாராம். நீ இவ்வளவு உழைக்கிறாயே என்பது தாயின் பதில். அந்த அம்மையார் 2018இல் காலமானார். 2023 அக்டோபர் 2ஆம் நாள் பெயர் வந்தது. பரிசாகக் கிடைத்த பணத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கரிக்கோ செகெத் பல்கலைக் கழகத்துக்குக் கொடுத்திருக்கிறார்.